வெசூவியஸ் வீசிய கற்கள்: ஓர் எரிமலையின் ஆழத்தைத் தேடிய வரலாறு

எரிமலை கக்கும் லாவாவிலும் அது வீசியெறியும் சாம்பலிலும், அந்த லாவா உறைந்து உண்டாகாத வேறு பாறைகளின் துண்டுகள் சிக்கியிருப்பதுண்டு. பூமிக்கடியில் உருகிய நிலையிலுள்ள மாக்மா மேலேறி வரும்போது, தான் கடந்து வந்த பாறைச் சுவர்களிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த துண்டுகள் அவை. புவியியலில் இவற்றைச் செனோலித் என்பர். கிரேக்கத்தில் 'செனோஸ்' என்றால் அயலவர், 'லித்தோஸ்' என்றால் கல். தமிழில் அயற்கல் எனலாம்.

கிணறு வெட்டுகிற இடத்தில் வெளியே கொட்டிக் கிடக்கும் மண்ணைப் பார்த்தே, செம்மண் எவ்வளவு, சுக்கான் எவ்வளவு, பாறை எங்கே தட்டியது என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். அயற்கற்களை வைத்து எரிமலையின் உள்ளமைப்பை அறிவதும் ஏறக்குறைய இதே முறைதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிணற்று மண் வரிசையாக வரும்: மேலடுக்கு முதலில், அடியடுக்கு கடைசியில். எரிமலை அப்படி ஒழுங்காகக் கொட்டுவதில்லை. எல்லா ஆழத்துக் கற்களையும் கலந்து வீசிவிடும். வீசுவதற்கு முன் பலவற்றை வேகவைத்து அடையாளம் தெரியாமல் மாற்றியும் விடும். எந்தக் கல் எந்த ஆழத்தினுடையது என்று பிரித்தறியும் கலை உருவாக இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்தக் கலையின் வரலாற்றில் பெரும்பகுதி ஒரே மலையைச் சுற்றி நடந்தது. அது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள வெசூவியஸ்.

தூதரும் கல் வணிகரும்

வெசூவியஸ் உண்மையில் மலைக்குள் ஒரு மலை. வடபுறம் அரைவட்டச் சுவர்போல நிற்பது சோமா எனப்படும் பழைய எரிமலையின் மிச்சம். அந்தப் பழைய மலை இடிந்து விழுந்த பள்ளத்துக்குள் பின்னாளில் எழுந்த கூம்புதான் இன்றைய வெசூவியஸ். கி.பி. 79-இல் பொம்பெயி, ஹெர்குலேனியம் நகரங்களை மூடிய வெடிப்பு அனைவரும் அறிந்தது. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1631-இல் மீண்டும் பெரிதாக வெடித்த இம்மலை, அதன்பின் 1944 வரை சிறு ஓய்வுகளோடு விழித்தே இருந்தது. ஐரோப்பாவின் பெரிய நகரம் ஒன்றிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தொலைவில் இப்படியொரு எரிமலை இருந்ததால்தான் அறிவியலாளர் கண்ணில் இது முதலில் பட்டது. 'லாவா' என்ற சொல்லே நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சிலிருந்து வந்தது என்பர். பெருமழையில் தெருவில் பாய்ந்தோடும் வெள்ளத்துக்கு அங்கே வழங்கிய பெயர் அது.

1764-இல் பிரிட்டிஷ் தூதராக நேப்பிள்ஸுக்கு வந்த வில்லியம் ஹாமில்டன் தூதரக வேலையைவிட மலையேறுவதில் அதிக நாட்டம் காட்டினார் என்று தோன்றுகிறது. தாம் கண்டவற்றை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதங்களாக எழுதினார். 1776-இல் அவற்றைத் தொகுத்து 'காம்பி ஃபிளெக்ரெய்' என்ற பெருநூலாக வெளியிட்டார். அதற்குப் பியெத்ரோ ஃபாப்ரிஸ் வரைந்த வண்ணப் படங்களில் தீப்பிழம்பு பொங்கும் காட்சிகள் மட்டுமல்ல, மலையில் பொறுக்கிய கல் மாதிரிகளும் உண்டு. அப்போது அறிஞர்களிடையே ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. எரிமலைத் தீ எங்கிருந்து வருகிறது? நிலத்துக்குச் சற்றுக் கீழே எரியும் நிலக்கரிப் படிவங்களே காரணம் என்றார் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர். தீயின் இருப்பிடம் மிக ஆழத்தில் என்றது ஹாமில்டன் கட்சி. பிரெஞ்சுக்காரரான தியோதா த தொலோமியூவும் எரிமலைகளின் வேர் கிரானைட் பாறைக்கும் கீழே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

சோமா மலையின் சரிவுகளில் மழைநீர் அரித்த ஓடைகளில் விசித்திரமான கற்கள் கிடந்தன. கரிய லாவா மலையில் வெள்ளை வெளேரென்ற சலவைக்கல் துண்டுகள். உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சை, தேன்நிற, கறுப்புப் படிகங்கள். வழிகாட்டிகள் இவற்றைப் பொறுக்கி வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்றார்கள். கனிமவியலாளர்களோ இவற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஜியோயெனி என்ற சிசிலிக்காரர் 1790-இல் வெசூவியஸ் கற்களைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். 1795-இல் வெர்னர் ஒரு கனிமத்துக்கு மலையின் பெயரையே சூட்டி வெசூவியனைட் என்றார். நெஃபிலின், ஃபோர்ஸ்டெரைட், ஹ்யூமைட், பெரிகிளேஸ் ஆகியவையும் முதன்முதல் விவரிக்கப்பட்டது சோமா மலைக் கற்களிலிருந்துதான்.

ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். எரிமலைத் தீ ஆழத்தில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று வாதாடியவர்களின் மேசை மீதே அதற்கான சான்று கிடந்தது. ஆனால் அவர்கள் அந்தக் கற்களை அழகான கனிமங்களின் பெட்டியாகத்தான் பார்த்தார்கள். எங்கிருந்து வந்தன என்பதைவிட என்ன படிகம் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

சுண்ணாம்புக் காளவாய்

அந்த வெள்ளைக் கற்கள் சுண்ணாம்புக்கல் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நேப்பிள்ஸ் வளைகுடாவின் தெற்கே நீண்டிருக்கும் சொரெந்தோ தீபகற்பமும், கிழக்கே எழும் அப்பெனைன் மலைகளும் சுண்ணாம்புக்கல்லாலும் டோலமைட்டாலும் ஆனவை. டோலமைட் என்பது மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை. மேலே சொன்ன தொலோமியூவின் பெயரால் வழங்குவது. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்த இந்த அடுக்குகள் மலைப்பகுதியில் உயர்ந்து நிற்கின்றன. நேப்பிள்ஸ் சமவெளியில் கீழே இறங்கி எரிமலைச் சாம்பலுக்கும் மண்ணுக்கும் அடியில் மறைந்துவிடுகின்றன. வெசூவியஸ் அந்தச் சமவெளியில்தான் இருக்கிறது. ஆக, மறைந்துபோன அடுக்குகளின் துண்டுகளைத்தான் எரிமலை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. இது புரிந்ததும் கற்கள் கனிமப் பெட்டி என்ற நிலையிலிருந்து சாட்சி என்ற நிலைக்கு உயர்ந்தன. அயற்கல் ஆய்வின் முதல் விதி இதுதான்: கல்லைத் தனியாகப் பார்க்காதே, அதன் உடன்பிறப்பு எந்த மலையில் வெயிலில் நிற்கிறது என்று தேடு.

சோமாவின் சாம்பற்படிவங்களில் கடற்சிப்பிகள் பொதிந்த களிமண் துண்டுகளும் கிடைத்தன. குலியெல்மோ குயிஸ்கார்தி 1850-களில் அவற்றைப் பட்டியலிட்டார். இவை சுண்ணாம்புக்கல்லைவிட மிக இளையவை. எனவே எரிமலையின் அடியில் மேலே கடற்களிமண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல் என்ற வரிசை புலப்பட்டது. அப்போது ஓர் அடி ஆழம்கூட யாரும் துளையிட்டுப் பார்த்திருக்கவில்லை.

இனி வெந்த கற்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறும். நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயில் நடப்பது அதுதான். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. எரிமலையின் அடியில் நடப்பது இன்னும் சிக்கலானது. அங்கே மாக்மாவிலுள்ள சிலிக்கா, அலுமினியம், இரும்பு ஆகியவை சுண்ணாம்புக்குள் ஊடுருவி அதனோடு வினைபுரிகின்றன. மாக்மாவைத் தொட்டுக்கொண்டிருந்த பகுதியில் கார்னெட், வெசூவியனைட், பைராக்சீன் போன்ற கனிமங்கள் நிறைந்த பாறை உண்டாகிறது. இதை ஸ்கார்ன் என்பர். சற்றுத் தள்ளியிருந்த பகுதி வெறும் சலவைக்கல்லாக மாறுகிறது. இன்னும் தள்ளியிருந்தது மாறாமலே இருக்கும். ஆகவே கையில் கிடைத்த துண்டு ஸ்கார்னா, சலவைக்கல்லா, பச்சைச் சுண்ணாம்புக்கல்லா என்பதைக்கொண்டு, அது மாக்மாத் தேக்கத்தின் சுவரிலிருந்தே பெயர்ந்ததா, அல்லது மேலே வரும் வழியில் ஒட்டிக்கொண்டதா என்று சொல்லலாம். வெசூவியஸ் கற்களில் ஸ்கார்ன் ஏராளம். வழியில் சில மணி நேரமோ சில நாட்களோ சூடுபட்ட கல் இப்படி மாறாது. நெடுங்காலம் மாக்மாவுக்கு அருகிலேயே இருந்திருக்க வேண்டும். எனவே மாக்மா சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கி நின்றிருக்கிறது, வெறுமனே கடந்து வரவில்லை. எரிமலைக்கடியில் 'மாக்மா அறை' என்று இன்று நாம் படம்போட்டுக் காட்டுவதற்கு இந்த மலையில் கிடைத்த முதல் உறுதியான ஆதாரம் இந்த வெந்த கற்கள்தாம்.

அயலா, உறவா?

ஆனால் லாவாவில் சிக்கிய எல்லாத் துண்டுகளும் அயலவை அல்ல. மாக்மா அறையில் மெல்லக் குளிரும்போது கனத்த படிகங்கள் முதலில் பிரிந்து அடியிலும் சுவர்களிலும் படியும். வெல்லப்பாகு ஆறினால் பாத்திரத்தின் ஓரத்தில் கற்கண்டு பிடிப்பதைப் போல. பிறகு வரும் வெடிப்பு அந்தப் படிவையும் பெயர்த்து வீசும். ஆலிவின், பைராக்சீன் படிகங்கள் செறிந்த அத்தகைய பச்சைத் துண்டுகள் வெசூவியஸில் நிறைய உண்டு. அவை அயற்கற்கள் அல்ல. அதே மாக்மாவின் பிள்ளைகள்.

இந்த வேறுபாட்டை முறையாக வகுத்தவர் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ஆல்ஃபிரட் லக்ருவா. எரிமலைப் பாறைகளில் சிக்கிய துண்டுகளைப் பற்றி மட்டுமே 1893-இல் அவர் ஒரு பெருநூல் எழுதினார்; துண்டுகளை வேற்றினம், ஓரினம் என்று இரண்டாகப் பிரித்தார். அடுத்த ஆண்டு அயர்லாந்துப் பாறைகளை ஆராய்ந்த வில்லியம் சொல்லஸ் செனோலித் என்ற சொல்லைப் படைத்தார். பெயர் வைத்தது சொல்லஸ், பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்டது லக்ருவா என்பது என் கருத்து. உறவுக்கல்லை அயற்கல் என்று தவறாக எண்ணினால் எரிமலையின் அடியில் இல்லாத ஒரு பாறையடுக்கைக் கற்பனை செய்துவிடுவோம். அயற்கல்லை உறவுக்கல் என்று எண்ணினால் இருக்கிற அடுக்கைத் தொலைத்துவிடுவோம். ஹவாயில் ஹுவலாலாய் எரிமலையின் 1800–1801 லாவாவில் குவியல் குவியலாகக் கிடைக்கும் ஆலிவின் கற்கள் குறித்து இதே வழக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் நடந்தது.

விடியல் விலங்கின் வீழ்ச்சி

இந்த இடத்தில் சற்று விலகி ஒரு கதையைச் சொல்ல வேண்டும். எரிமலைக் கற்கள் எரிமலையைத் தாண்டியும் ஒரு பெரிய வழக்கைத் தீர்த்த கதை இது.

கனடாவின் மிகப் பழைய சுண்ணாம்புப் பாறைகளில் வெள்ளையும் பச்சையுமாக மெல்லிய பட்டைகள் மாறிமாறி அமைந்த கற்கள் கிடைத்தன. மான்ட்ரியலைச் சேர்ந்த ஜான் வில்லியம் டாசன் அவற்றை ஓர் உயிரினத்தின் புதைபடிவம் என்றார். 1865-இல் 'இயோசோன் கனடென்ஸ்', அதாவது கனடாவின் விடியல் விலங்கு, என்று பெயரும் சூட்டினார். அதுவரை அறியப்பட்ட உயிர்ச் சுவடுகள் அனைத்தையும்விட அது பல மடங்கு தொன்மையானது என்பதால் பரபரப்பு உண்டாயிற்று. உயிரின் தொடக்கம் மிகப் பழையது என்பதற்குச் சான்று தேடிக்கொண்டிருந்த டார்வின், தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1866 பதிப்பில் இதை மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார். அயர்லாந்தில் கால்வே நகரின் கிங், ரௌனி என்ற இருவர் இது வெறும் கனிம அமைப்பே என்று தொடக்கத்திலிருந்தே மறுத்துவந்தனர். முப்பது ஆண்டுகள் வழக்கு நீண்டது.

நேப்பிள்ஸில் மருத்துவத் தொழில் செய்துவந்த ஹென்றி ஜேம்ஸ் ஜான்ஸ்டன்-லேவிஸ் என்ற ஆங்கிலேயர் ஓய்வு நேரமெல்லாம் வெசூவியஸில் கழித்தவர். 1891-இல் சோமா–வெசூவியஸுக்கு விரிவான புவியியல் வரைபடம் வெளியிட்டார். சோமா வீசிய கற்களை ஆயிரக்கணக்கில் உடைத்துப் பார்த்த பழக்கம் அவருக்கு இருந்தது. சுண்ணாம்புக் கற்கள் சிலவற்றில், மாக்மா தொட்ட விளிம்பிலிருந்து உள்நோக்கி, வெள்ளைக் கால்சைட்டும் பச்சைச் சிலிக்கேட் கனிமங்களும் பட்டை பட்டையாக அமைந்திருப்பதைக் கண்டார். அது அச்சு அசலாக டாசனின் விடியல் விலங்கு. பின்னாளில் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு ஆய்வால் புகழ்பெற்ற ஜே. டபிள்யூ. கிரிகோரியோடு சேர்ந்து 1894-இல் டப்ளினில் இதை வெளியிட்டார். சோமாவின் சுண்ணாம்புக்கல் கனடாப் பாறையோடு ஒப்பிட்டால் மிக இளையது. அதில் அந்தப் பட்டைகள் வெப்பத்தாலும் வேதிவினையாலும் உண்டாயின என்பது கண்கூடு. ஒரு கல்லிலேயே பட்டையில்லாத பகுதியையும் பட்டை விழுந்த பகுதியையும் அருகருகே காட்ட முடிந்தது. விலங்குக்கு அங்கே வேலையில்லை. டாசன் 1899-இல் இறக்கும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அறிவுலகில் வழக்கு முடிந்துவிட்டது.

ஜான்ஸ்டன்-லேவிஸின் கல் தொகுப்பு பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தது.

ரிட்மனின் ஐந்து கிலோமீட்டர்

மாக்மா சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கியது சரி. எவ்வளவு ஆழத்தில்? தேங்கியபோது அந்தப் பாறையைக் கரைத்து உட்கொண்டதா? இரண்டாவது கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பாறையியலாளர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தது. வெசூவியஸ் லாவாவில் சிலிக்கா குறைவு, பொட்டாசியம் அதிகம். சுண்ணாம்புக்கல்லை விழுங்கிய மாக்மாதான் இப்படிச் சிலிக்கா குறைந்து போகும் என்ற கருத்தை 1910-இல் அமெரிக்காவின் ரெஜினால்ட் டேலி பொதுவாக முன்வைத்திருந்தார். 1922-இல் நார்மன் பௌவென் இதற்கு ஒரு கடிவாளம் போட்டார். மாக்மாவிடம் மிகை வெப்பம் பெரிதாக இல்லை. அயற்கல்லைச் சூடாக்கிக் கரைக்க வேண்டுமானால் அதற்கு ஈடாகத் தன்னில் ஒரு பகுதி உறைய வேண்டும். கையில் இருக்கும் காசுக்குத்தான் விருந்து சாப்பிட முடியும்.

இந்த நிலையில் நேப்பிள்ஸில் இம்மானுவேல் ஃபிரீட்லேண்டர் நிறுவியிருந்த எரிமலை ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் ரிட்மன் வந்தார். 1933-இல் அவர் வெளியிட்ட ஆய்வு வெசூவியஸைப் பற்றி அதுவரை வந்தவற்றுள் மிகத் துணிச்சலானது. சோமாவின் மிகப் பழைய லாவாவிலிருந்து அண்மைக்கால லாவாவரை வேதிச்சேர்க்கை படிப்படியாக மாறிவந்ததைக் காட்டினார். அந்த மாற்றத்துக்குக் காரணம் மாக்மா அறை டோலமைட்டைத் தொடர்ந்து கரைத்து உட்கொண்டதே என்றார். ஆழத்துக்கு அவர் போட்ட கணக்கு எளிமையானது. எரிமலை வீசிய கற்களில் டிரையாசிக் காலத்து டோலமைட் இருக்கிறது. சொரெந்தோ தீபகற்பத்தில் அந்த டோலமைட்டுக்கு மேலே எவ்வளவு கனத்துக்குச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அடுக்குகள் எந்தச் சாய்வில் சமவெளிக்குள் இறங்குகின்றன என்பதை அளந்தால் எரிமலைக்கடியில் டோலமைட் தொடங்கும் ஆழம் கிடைத்துவிடும். விடை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

வெயிலில் நிற்கும் மலையை அளந்து, காணாத அறையின் கூரைக்கு ஆழம் சொன்ன இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. கணக்கின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். டோலமைட் துண்டு கிடைத்தது என்றால் மாக்மா டோலமைட் அடுக்கைத் தொட்டது என்றுதான் பொருள். அறை முழுவதும் அங்கேதான் இருந்தது என்பது அதன் பொருளல்ல. இன்னொன்று, கற்கள் எப்போதும் கூரையையும் சுவரையும் பற்றியே பேசும். அறையின் தரை எங்கே, அதற்கும் கீழே வேறொரு அறை உண்டா என்பதைப் பற்றி அவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

கரைத்து உட்கொண்டதே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற ரிட்மனின் வாதம் முழுமையாக நிற்கவில்லை. டோலமைட்டில் பொட்டாசியம் கிட்டத்தட்ட இல்லை. அதைத் தின்று மாக்மாவுக்குப் பொட்டாசியம் ஏறாது. மத்திய இத்தாலியின் மேற்குக் கரையோரம் நெடுக இதே பொட்டாசிய இயல்புள்ள எரிமலைகள் வரிசையாக இருக்கின்றன. புவி மேலோட்டுக்குக் கீழேயுள்ள மேன்டில் அடுக்கிலேயே, அமிழ்ந்துபோன பழைய படிவுகளின் கலப்பால், அந்த இயல்பு உண்டாகிவிட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்பது. சுண்ணாம்பு உணவு மாக்மாவின் குணத்தை ஓரளவு மாற்றியது. பிறவிக்குணம் வேறிடத்திலிருந்து வந்தது.

ஆழக் கணக்கோ நிலைத்தது. 1980 வாக்கில் புவிவெப்ப ஆற்றலைத் தேடி மலையின் தென் அடிவாரத்தில் ட்ரெகாசே அருகே ஆழ்துளை இட்டபோது, சுமார் 1.7 கிலோமீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புக்கல் தட்டியது. கற்கள் நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்த அடுக்கு அங்கே இருந்தது. டிரையாசிக் டோலமைட் அதற்கும் நெடுந்தொலைவு கீழே.

கல்லே வெப்பமானி

உடன்பிறப்பைத் தேடும் முறையோடு நிற்காமல் கல்லுக்குள்ளேயே ஆழத்தைப் படிக்க வழி உண்டா? 1940-இல் பௌவென் அதற்கான ஏணியைக் கட்டினார். சிலிக்கா கலந்த சுண்ணாம்புக்கல்லையும் டோலமைட்டையும் மெல்ல மெல்லச் சூடாக்கினால் எந்தக் கனிமம் எந்தப் படியில் பிறக்கும் என்று வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு படியிலும் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். வாயு வெளியேறுவது கடினமாகும். எனவே அதே கனிமம் பிறக்க இன்னும் அதிக வெப்பம் வேண்டும். சோமாவில் முதலில் கண்டெடுக்கப்பட்ட பெரிகிளேஸ் இந்த ஏணியின் மேற்படிகளில் இருப்பது. டோலமைட் உயர்ந்த வெப்பத்திலும் குறைந்த வாயு அழுத்தத்திலும் சிதைந்தால் வருவது. கனிமத் தொகுப்பு ஒன்றாகக் கிடைத்தால் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்த்து மதிப்பிடலாம். ஃபிராங்கோ பார்பெரியும் லியோனியும் 1980-இல் வெசூவியஸின் பெருவெடிப்புகள் வீசிய சுண்ணாம்புக் கற்களை இப்படி ஆராய்ந்து, மாக்மா அறைகள் மேலோட்டின் மேற்பகுதியிலேயே இருந்தன என்று காட்டினர்.

இதற்குத் துணையாக வந்தவை கண்ணாடித் துளிகள். மாக்மாவில் வளரும் படிகம் சில வேளை ஒரு சொட்டு மாக்மாவைத் தன்னுள் மூடிக்கொள்ளும். வெடித்து வெளிவந்ததும் அந்தச் சொட்டு கண்ணாடியாக உறைந்துவிடும். மூடிய சோடாப் புட்டியில் வாயு கரைந்திருப்பதுபோல் அதில் நீரும் கரியமில வாயுவும் கரைந்தே இருக்கும். எவ்வளவு கரைந்திருக்கிறதோ அவ்வளவு அழுத்தம், அவ்வளவு ஆழம். இத்தகைய பாறையியல் ஆய்வுகள் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோமீட்டர் என்று விடை தந்தன.

அப்போதுதான் எதிர்ச்சாட்சி வந்தது. 1990-களில் நிலத்திலும் கடலிலும் செயற்கை அதிர்வுகளை உண்டாக்கி, அவை எரிமலைக்கடியில் எப்படிப் பயணிக்கின்றன என்று அளந்தார்கள். 2001-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான முடிவு இது: மலைக்கடியில் சுமார் 8 கிலோமீட்டர் ஆழத்தில், குறைந்தது 400 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, தகடுபோல் விரிந்த மாக்மாப் படுகை இருக்கிறது. 3 முதல் 5 கிலோமீட்டரில் அதிர்வலைகள் எதையும் காட்டவில்லை.

யாரை நம்புவது? மலையைச் சுற்றிச் சிவப்பு மண்டலம் என்று குறிக்கப்பட்ட பகுதியில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். வெடிப்புக்கு முன் அவர்களை வெளியேற்ற வேண்டும். மாக்மா புறப்படும் ஆழம் 8 கிலோமீட்டரா, 4 கிலோமீட்டரா என்பதைப் பொறுத்து முன்னறிகுறிகள் எப்படித் தோன்றும், எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பது மாறும். ஆகவே இது வெறும் பாறையியல் பூசல் அல்ல.

2008-இல் 'நேச்சர்' இதழில் ஸ்கயே, பிஷவாங், சியோனி ஆகிய மூவர் இரு சாட்சிகளையும் பொருத்திக் காட்டினார்கள். வெவ்வேறு காலத்து வெடிப்புகளின் பாறைகளை ஆய்வகத்தில் உயர் அழுத்தத்தில் மீண்டும் உருக்கி, இயற்கையில் கண்ட அதே படிகங்கள் எந்த அழுத்தத்தில் பிறக்கின்றன என்று பார்த்தனர். கிடைத்தது ஒரே ஆழம் அல்ல. பொம்பெயியை அழித்த கி.பி. 79-க்கும் 472-ஆம் ஆண்டு வெடிப்புக்கும் இடையே அறை 7–8 கிலோமீட்டரிலிருந்து 3–4 கிலோமீட்டருக்கு மேலேறியிருக்கிறது. அதாவது மாக்மா அறை நிரந்தரமான வீடு அல்ல, கூடாரம். ஒவ்வொரு காலத்துக் கல்லும் தன் காலத்து அறையைப் பற்றி உண்மையையே சொன்னது. எல்லாக் கற்களையும் ஒரே அறையின் சாட்சிகளாக எடுத்துக்கொண்டது நாம் செய்த பிழை. அதிர்வலைகள் காட்டுவது இன்றைய நிலையை. கற்கள் காட்டுவது அவை பெயர்க்கப்பட்ட நாளின் நிலையை.

வெந்த சுண்ணாம்புக்கல்லின் விவகாரம் இன்னும் முடியவில்லை. சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும் மாக்மா, காளவாயைப் போலவே, கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். எரிமலைவாயில் கசியும் வாயு கூடினால் கீழிருந்து புதிய மாக்மா வந்துவிட்டதோ என்று கண்காணிப்பாளர்கள் ஐயுறுவார்கள். ஆனால் அதில் ஒரு பங்கு மேன்டிலிலிருந்து அல்லாமல் அறையின் சுவரிலிருந்தே வந்திருக்கலாம். எவ்வளவு பங்கு என்று கணக்கிட ஆய்வாளர்கள் மீண்டும் பழைய ஸ்கார்ன் துண்டுகளைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அவற்றுள் மிக இளையவை 1944 மார்ச் மாத வெடிப்பில் விழுந்தவை. அதற்குப் பிறகு வெசூவியஸ் ஒரு கல்லையும் மேலே அனுப்பவில்லை.